குரோமும் குளிரும்

வாரும் மருமோன், இரும். அந்தக் கதிரை வேண்டாம், மாமி பேசுவா. உம்மடை காற்சட்டையிலை இருக்கிற எண்ணெயைப் பிழிஞ்சால் நாலு தோசை சுடலாம். இஞ்சாலை இந்த ஸ்ரூலிலை இரும். ஃபோனைத் தாரும், படத்தைப் பாப்பம்.

ஓ, சோக்கான எஞ்சின். 1302 எஸ்ஸிலை வந்த 1600, ரெண்டு வாய் ஹெட். 50 குதிரை. உம்மடை 64ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் வண்டுக் காரிலை இருந்தது 1200, வெறும் 34 குதிரை. ஆக, 16 குதிரையைப் புதுசாய்க் கட்டப் போறீர். கட்டும், ஆர் வேண்டாமெண்டது? காத்து வடி குரோம், புல்லி குரோம், ரொக்கர் மூடி குரோம். இதிலை முகம் பாத்துச் சவரம் எடுக்கலாம். எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் கிழவன் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. ஹீற்றர் பெட்டி எங்கை?

"அது பிறகு பாக்கலாம் மாமா."

பிறகு எண்டால் எப்ப, மார்கழியிலையோ? டோட்முண்டிலையிருந்து ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்கு என்ரை மோளை ஏத்திக்கொண்டு வருவீரே, அந்த நேரத்திலையோ? பிள்ளை போன மாரிக்கே காருக்குள்ளை ரெண்டு ஜக்கெட்டும் ஒரு போர்வையுமாய் வந்து இறங்கினவள். கோயிலடியிலை கண்ட சனம், ஆரோ நோயாளியைக் கொண்டு வந்திருக்கினம் எண்டு விலத்தி வழி விட்டது. நான் ஒண்டும் பேசேல்லை. மருமோனிட்டை முதல் வருசத்திலேயே எல்லாத்தையும் பேசிப்போட்டால் பேந்து பேச ஒண்டும் இராது.

சரி, நான் என்னத்தைக் கண்டனான். ஊரிலை நாங்கள் தட்டிக் கொட்டினது ஏ40, மொரிஸ் மைனர். தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம், காரை மண்ணெண்ணெயிலை ஓட்டினனாங்கள். காபரேற்றருக்குள்ளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்த வெக்கையிலை ஹீற்றரைப் பற்றி ஆர் நினைச்சது? இஞ்சை வந்து ஒரு ஜேர்மன்காரக் கிழவன்ரை கராஜிலை கூட்டித் துடைக்கப் போன இடத்திலைதான் இந்தச் சாமானை முதல்முதல் கையிலை தூக்கினனான். ஹைட்ஸ்பிர்ன எண்டு அந்தாள் சொல்லுவார். நல்ல பாரம். பாரத்தை ஞாபகம் வைச்சிரும், பேந்து தேவைப்படும்.

இப்ப கேளும். உம்மடை எஞ்சினுக்குத் தண்ணி இல்லை. மற்றக் காருகளிலை ரேடியேற்றர்த் தண்ணியின்ரை சூட்டிலை கொஞ்சத்தை உள்ளுக்கு எடுத்து விடலாம். உதிலை சூட்டை எடுக்கிற இடம் புகைக்குழாய். முன்பக்கச் சிலிண்டர் ரெண்டும், அதுதான் 1ஆம் 3ஆம் இலக்கம், அதுகளின்ரை புகை நேரை சைலன்சருக்குப் போகாது. ஆளுக்கொரு ஹீற்றர் பெட்டிக்குள்ளாலை பின்னுக்கு வந்துதான் சைலன்சரைப் பிடிக்கும். பின்பக்கத்து 2உம் 4உம் நேரை சைலன்சருக்குள்ளை. பெட்டி எண்டது என்ன? நடுவிலை புகைக்குழாய், அதைச் சுத்திச் செதில், அதுக்கு மேலாலை தகரச் சட்டை. எஞ்சினுக்கு மேலை இருக்கிற விசிறிக் கூட்டிலை இடமும் வலமுமாய் ரெண்டு வாய் இருக்கு, கண்டிருப்பீர். அதிலையிருந்து வாற குழாய் ரெண்டும் புதுக் காத்தை இந்தச் சட்டைக்குள்ளை தள்ளும். காத்து செதிலைத் தடவிச் சூடாகி, முன்னுக்கு இருக்கிற கதவுப் பெட்டிக்கு வரும். கதவு திறந்திருந்தால் காரின்ரை படியோரக் குழலுக்குள்ளாலை ஓடி உம்மடை காலுக்கும் முன்கண்ணாடிக்கும் போகும். மூடியிருந்தால் றோட்டுக்குப் போகும்.

புகை உள்ளாலை, காத்து வெளியாலை. நடுவிலை ஒரு இரும்புத் தோல். சண்டைக்காரச் சம்பந்தியளைக் கலியாண வீட்டிலை தனித்தனிப் பந்தியிலை இருத்தின மாதிரி. தோல் இருக்கிற வரைக்கும் வீடு வீடாய் இருக்கும்.

உதுக்கு முந்தின வண்டுகளிலை, 62ஆம் ஆண்டு வரைக்கும், இந்த நாகரிகமும் இல்லை. சிலிண்டருக்கு மேலாலை போன காத்தை அப்பிடியே உள்ளுக்கு விட்டவங்கள். எஞ்சினிலை எண்ணெய் கசிஞ்சால் கோயிலுக்குப் போறவர் கராஜ் மணத்தோடை போய் இறங்குவர். 63 மொடலிலைதான் புதுக் காத்து வந்தது. உம்மடை கார் 64, தப்பிவிட்டீர். அந்த அதிஷ்டத்தைத்தான் நீர் இப்ப கழட்டி எறியப் பாக்கிறீர்.

"பழைய எஞ்சினிலை இருந்த பெட்டியளையே புதுசுக்குப் போட்டால் என்ன?" எண்டு கேக்கிறீர். நல்ல கேள்வி, காசு மிச்சம் பிடிக்கிற கேள்வி. கொப்பரைப் போலவே இருக்கிறீர். பூட்டேலாது, தம்பி. 1200இலை பிஸ்டன் ஓடுற தூரம் 64 மில்லிமீற்றர், 1600இலை 69. அந்த எஞ்சின் அகலம் கூட. ஹெட் ரெண்டும் அப்பிடி அப்பிடி வெளியாலை தள்ளி நிக்கும். பழைய பெட்டியை வைச்சு சைலன்சரை இழுத்துக் கட்டினால் எங்கையோ ஒரு மூட்டு வாய் திறக்கும். இல்லாட்டில் ஸ்ரட் முறியும். 1600க்கு 1600இன்ரை பெட்டி, 1600இன்ரை சைலன்சர், 1600இன்ரை கீழ்த் தகரம். பழைய பெட்டி எப்பிடி இருக்கு எண்டு சொன்னீர்? துரு இல்லையோ? அந்தக் காலத்து அசலோ? ம்ம். சரி சரி, அது உமக்கு உதவாது, அதை யோசியாதையும்.

புதுப் பெட்டி வேண்டப் போறீர் எண்டால் கண்ணாலை வேண்டாதையும், கையாலை வேண்டும். மலிவுப் பெட்டியும் படத்திலை அசலைப் போலத்தான் தெரியும், கறுப்புப் பெயின்ற் மினுங்கும். தூக்கிப் பாத்தால் பஞ்சு. ரோச்சை உள்ளுக்கு அடிச்சுப் பாரும். செதில் நிறைஞ்சிருக்க வேணும். சிலதுக்குள்ளை நாலு தகரத்துண்டை ஒட்டிப்போட்டு விக்கிறாங்கள். சூடு பிடிக்க இடமில்லாட்டில் காத்து குளிராய்ப் போய்க் குளிராய்த்தான் வரும். முந்தநாள் இணையத்திலை கண்டதாய்ச் சொன்னீரே, அரைவிலைக்குச் சோடி, அதின்ரை பாரத்தை விக்கிறவனிட்டைக் கேளும். அவன் பதிலுக்குச் சிரிச்ச முகம் ஒண்டு அனுப்பினால் விட்டுவிடும்.

இன்னொண்டு. சட்டையிலை அலை மாதிரி ஒரு கோடும், கே எண்ட எழுத்தும், பக்கத்திலை ஒரு இலக்கமும் குத்தியிருக்கோ எண்டு பாரும். ஜேர்மன்காரன் காத்தைக்கூடச் சட்டம் போட்டுத்தான் சுவாசிப்பான். அவன்ரை வாகனச் சட்டத்திலை 35சி எண்டு ஒரு பிரிவு: மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டி ஓடக்கூடிய வாகனம் எண்டால் மூடின சாரதி இடத்தைப் போதியளவு சூடாக்கவும் காத்தோட்டம் குடுக்கவும் ஏலுமாய் இருக்க வேணும். எஞ்சின் தண்ணியிலை சூடாகிற ஹீற்றருக்கும் மின்சார ஹீற்றருக்கும் அங்கீகாரக் குறி வேண்டாம். புகைச் சூட்டிலை ஓடுற உம்மடை சாமானுக்கு வேணும். வாகனம் சோதிக்கிற ட்யூஃப்காரன் காருக்குக் கீழை குனிஞ்சு குறியைத் தேடுவான். நீர் மேலை குரோமைக் காட்டிக்கொண்டு நிப்பீர்.

உம்மடை சிநேகிதன் ஒருத்தன் சொன்னானாமே, "பெட்டி என்னத்துக்கு, வளைஞ்ச குழாய் ரெண்டு பூட்டு, பாரம் குறையும், கார் பறக்கும்" எண்டு. பந்தயக் காருக்கு அவன் சொன்னது சரி. பந்தயக்காரன் தன்ரை மனிசியைப் பக்கத்திலை இருத்திக்கொண்டு ஓடுறேல்லை. அப்பிடித்தான் பூட்டுவன் எண்டு நிண்டாலும், விசிறிக் கூட்டிலை இருக்கிற அந்த ரெண்டு வாயையும் அடைக்க வேணும். திறந்து விட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காத்து சும்மா வெளியாலை ஊதிக்கொண்டு போகும். கார் பறக்கிறதுக்கு முதல் எஞ்சின் வேகும். உம்மடை சிநேகிதன் அதைச் சொன்னவனோ? சொல்லியிருக்க மாட்டான். அவனிட்டைக் கார் இருக்கோ முதல்? சைக்கிளோ. நல்லது.

இனிப் பகிடி இல்லை, கொஞ்சம் காதைத் தாரும்.

அந்த இரும்புத் தோலைப் பற்றிச் சொன்னன். உள்ளாலை புகை, வெளியாலை உப்புத் தண்ணி. மாரியிலை றோட்டுக்கு இவங்கள் உப்புக் கொட்டுறவங்கள் எல்லோ, அது முழுக்கக் கீழ்த் தகரத்திலைதான் வந்து படியும். சட்டை துருவேறி ஓட்டை விழுந்தால் சூடு போகும், அவ்வளவுதான். உள்ளுக்கு இருக்கிற குழாய் ஓட்டை விழுந்தால் பந்தி கலந்து போகும். கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலை ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்திலை 200 மடங்குக்கு மேலான பிடியோடை அது ஏறி இருந்துவிடும். முதல் தலையிடி, பேந்து சோம்பல், பேந்து நித்திரை. பக்கத்திலை இருக்கிறவர், பாவம் களைச்சுப் போனாள் எண்டு ரேடியோவைக் குறைச்சு விடுவர். விளங்குதோ?

அதாலை, பழசு வேண்டினாலும் புதுசு வேண்டினாலும், பூட்டுறதுக்கு முதல் சோதிச்சுப் பாரும். புகைக்குழாயின்ரை ஒரு வாயைத் துணியாலை இறுக்கி அடையும். மற்ற வாயாலை, வக்குவம் கிளீனரை ஊதுற பக்கம் மாத்திப் பூட்டிக் காத்தை விடும். சட்டையின்ரை வாயிலை உள்ளங்கையை வையும். காத்து வந்து தொட்டால் அந்தப் பெட்டி இரும்புக் கடைக்கு. ஒட்டிறன், பசை பூசிறன் எண்டு வெளிக்கிடாதையும். பூட்டி முடிஞ்சாப் பிறகும் ஒரு சின்ன மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேண்டிக் காருக்குள்ளை வையும். உம்மடை குரோம் காத்து வடியின்ரை விலை வராது.

எண்ணெய் மணம் வேறை விசியம். அது மூக்குக்குத் தெரியும், ஆளைக் கொல்லாது, மாமியாரின்ரை சேலையைத்தான் கொல்லும். சிலிண்டருக்குக் கீழாலை ஓடுற புஷ்றொட் குழாயள் இருக்கெல்லோ, அதுகளின்ரை ரெண்டு முனையிலையும் இருக்கிற றப்பர் வளையம் காய்ஞ்சால் எண்ணெய் சொட்டும். எங்கை சொட்டும்? நேரை ஹீற்றர் பெட்டிக்கு மேலை. ரொக்கர் மூடிக் காஸ்கட்டும் அப்பிடித்தான், நீர் குரோம் மூடி போட்டால் என்ன, கீழை பழைய காஸ்கட் எண்டால் சொட்டுறது சொட்டும். இப்ப எஞ்சின் வெளியிலை, கைக்கெட்டின இடத்திலை இருக்கு. வளையங்களை இப்பவே மாத்தும்.

பூட்டுற வேலையையும் எஞ்சின் வெளியிலை இருக்கைக்கையே முடிச்சுவிடும். உம்மை மாதிரிப் பெடியள் முதல் எஞ்சினை ஏத்திப்போட்டுப் பேந்து காருக்குக் கீழை மல்லாக்கப் படுத்துக்கொண்டு கண்ணுக்குள்ளை துரு விழ விழப் பூட்டுவினம். அது வீரமில்லை, தம்பி. எஞ்சினைக் காருக்குப் பிடிக்கிறது நாலே நாலு இடத்திலை. 100 கிலோவைத் தாண்டின சாமான் எண்டாலும் பெட்டியளும் சைலன்சரும் பூட்டினபடியே கீழாலை உருட்டிக் கொண்டுபோய் ஏத்தலாம். காரைத்தான் கொஞ்சம் உயரத் தூக்க வேணும்.

ஹெட்டிலை இருக்கிறது 8 மில்லிமீற்றர் ஸ்ரட். இந்த எஞ்சினிலை பழைய குழாய் இன்னும் கொழுவியிருக்கெல்லோ? அதின்ரை நட்டை இண்டைக்கே திருகாதையும். துரு கரைக்கிற எண்ணெயை விடும், விட்டுப்போட்டுப் போய்ச் சாப்பிடும், நித்திரை கொள்ளும். நாளைக்கும் விடும். மூண்டாம் நாள் நட்டைச் சூடு காட்டி, கொஞ்சம் இறுக்கிறமாதிரி ஒரு அசைவு, பிறகு கழட்டுற பக்கம் ஒரு அசைவு. அது கிறீச்சிட்டால் நில்லும். கிறீச்சிடாமல் மெத்தெண்டு சுத்தினால் சந்தோசப்படாதையும்: ஸ்ரட் முறுகுது. முறிஞ்சால் ஹெட்டு அலுமினியம், ஸ்ரட் இரும்பு. துளைக்கிற ஊசி மென்மையான பக்கத்துக்குத்தான் ஓடும். அந்த நேரம் என்ரை மோள் எனக்கு ஃபோன் எடுப்பாள், "அப்பா, இவர் கராஜுக்குள்ளை தனிய நிண்டு ஆருக்கோ பேசுறார்" எண்டு.

கழண்டால், புது வளையக் காஸ்கட், புதுச் செப்பு நட், ஸ்ரட்டுக்குச் செப்புக் கிறீஸ் எப்பன். முதல் கீழ்த் தகரத்தைப் பூட்டும். அந்தச் சின்னத் தகரங்கள் என்னத்துக்கு எண்டு தெரியாமல் வாளிக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறீர், கண்டனான். அதுகள்தான் சிலிண்டருக்குப் போற காத்துக்கு வழி காட்டுறது. எல்லாம் திரும்பப் போக வேணும். பேந்து ரெண்டு பெட்டியையும் நட்டை அரைவாசியிலை விட்டுத் தொங்க விடும். சைலன்சரைப் பிடிச்சு, கிளாம்புகளைச் சும்மா கொழுவும். எல்லாம் தன்பாட்டிலை வந்து இருந்த பிறகுதான் இறுக்க வேணும். முதல் ஹெட்டடி, கடைசியாய்க் கிளாம்ப். ஒரு பக்கத்தை முதல் இறுக்கிப்போட்டு மற்றதை நெம்பினால் வளையம் சரியாய் இராது, முதல் நாளே பட்பட்டெண்டு சத்தம் போடும். ரெண்டு மூண்டு ஓட்டம் ஓடி ஆறின பிறகு திரும்ப ஒருக்கால் இறுக்கிப் பாரும்.

உள்ளெடுக்கிற குழாயைச் சூடாக்க சைலன்சரிலையிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலை போகும், அதுக்குள்ளை கரி அடைச்சிருக்கோ பாரும். பெற்றோல் ஆவியாகச் சூடு வேணும். மண்ணெண்ணெயிலை ஓட்டினவனுக்கு அது சொல்லித் தரத் தேவையில்லை, பெற்றோலிலை வளந்த உமக்குத்தான் சொல்லுறன். அடைச்சிருந்தால் ஈரக் குளிரிலை காபரேற்றர் கழுத்திலை ஐஸ் பிடிச்சு, ஓட்டோபானிலை கார் இருமும்.

இவ்வளவும் செய்து, கியர் பொல்லுக்குக் கிட்ட இருக்கிற குமிழைத் திருகுவீர். ஒண்டும் வராது. பயப்பிடாதையும். அது கம்பி. 64இலை வந்த கம்பி, பாவாடை நாடா மாதிரி லேசாய் ஓடும் எண்டு நினைக்காதையும், குழாய்க்குள்ளையே துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கிடக்கும். மாத்தும். பேந்தும் வராட்டில் படியோரக் குழலைத் தட்டிப் பாரும். வண்டுக் காரிலை அந்தக் குழல்தான் காரின்ரை உடம்பைத் தாங்குற படியும். அது உள்ளாலை உக்கிப் போயிருந்தால் சூடெல்லாம் றோட்டுக்கு. டோட்முண்டுக்கும் ஹம்முக்கும் இடையிலை பனி உருகினால் நகரசபை உமக்கு நன்றிக் கடிதம் போடும், மோளுக்குக் கால் விறைச்சபடிதான். அதுக்கு வெல்டிங் வேணும்.

எஞ்சின் நிண்ட இடத்திலை, சிக்னலிலை, சூடு குறைஞ்சால் குற்றம் கண்டுபிடிக்க வெளிக்கிடாதையும். விசிறி எஞ்சினோடை சேந்துதான் சுத்துது. எஞ்சின் மெல்ல ஓடினால் காத்தும் மெல்லத்தான். அதாலைதான் அந்தக் காலத்திலை கூடக் காசு குடுத்து எபர்ஸ்பேஹர் பெற்றோல் ஹீற்றர் பூட்டினவையும் இருந்தவை. உமக்கு அது வேண்டாம். இப்பவே ரெண்டு இடத்திலை நெருப்பு வைச்சிருக்கிறீர், ஒண்டு எஞ்சினிலை, மற்றது வங்கிக் கணக்கிலை.

ஹீற்றர் கதை முடிஞ்சுது, இனி எஞ்சினைக் கியர்ப் பெட்டியோடை சேக்கிற கதை. 6 வோல்ட் பிளைவீலிலை 109 பல், 12 வோல்ட்டிலை 130. எதைப் பூட்டப் போறீர் எண்டதை கியர்ப் பெட்டியைப் பாத்து முடிவெடும், பெரிசைப் போட்டால் கூட்டுக்குள்ளை கொஞ்சம் அராவ வேணும். பிரேக்கைப் பற்றியும் ட்யூஃப்காரன் கேப்பான். 1302 எஸ்ஸிலை முன்சில்லுகளுக்கு டிஸ்க் இருந்தது, உம்மடை காருக்கு 34 குதிரைக்குப் போட்ட டிரம். அதை அடுத்த கிழமை கதைப்பம், மாமி தேத்தண்ணியோடை வாறா, பிரேக் கதை கேட்டால் காரையே விக்கச் சொல்லுவா.

மற்றது, அந்தப் பழைய 1200. என்ன செய்யப் போறீர்? வித்தால் ஒண்டும் பெரிசாய் வராது, கண்டியளோ. வைச்சிருந்தால் உம்மடை வாடகைக் கராஜிலை கால் வைக்க இடமில்லை. எறியிறதும் சரியில்லை, நாளைக்குப் பழங்காருக்குக் குடுக்கிற எச் தகட்டுக்கு ஆரும் அசல் எஞ்சின் எங்கை எண்டு கேட்டால்? என்ரை கராஜிலை வாசிங் மிஷினுக்குப் பக்கத்திலை ஒரு மூலை சும்மாதான் கிடக்கு. வேண்டாம், வேண்டாம், வாடகை ஒண்டும் தர வேண்டாம், சொந்தத்துக்குள்ளை என்ன வாடகை. சனிக்கிழமை நான் வந்து ஸ்ரட்டுகளைக் கழட்டித் தாறன். வரைக்கை வான் கொண்டு வாறன். பெட்டி ரெண்டையும் கழட்டாதையும், எஞ்சினோடையே இருக்கட்டும். கே இலக்கம் தெரியிறமாதிரித் துடைச்சு வையும்.